சிவகுரு அண்ணாச்சி பறந்த ஞாயிற்றுக்கிழமை

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் வந்து நின்றுகொண்டு சிவகுருநாதன் கடை எது என்று கேட்டால் யாராக இருந்தாலும் விழிப்பார்கள். அண்ணாச்சி கடை என்று கேட்டால் நாலு திசையிலும் கை நீளும். அந்த ரோட்டில் அண்ணாச்சிமாருக்கா பஞ்சம்? எடை தப்பாத அண்ணாச்சி என்று கேட்க வேண்டும். அப்போதுதான் நேராக அவர் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

அந்தப் பெயரில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. விலையில் ஒரு ரூபாய் குறைக்கச் சொன்னால் காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடுவார். எடை என்று வந்துவிட்டால் ஆளே வேறு. "மனுசனுக்குக் கோவம் வரலாம், சளி வரலாம், எடையில தப்பு மட்டும் வரப்படாது" என்பதை எத்தனை தரம் சொன்னாலும் அவருக்குச் சலிக்காது. கேட்கிறவர்களுக்குச் சலித்தது பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. லாக்டவுன் சமயத்தில் வேலையில்லாமல் வந்து நின்றவர்களுக்கெல்லாம் அரிசியை அள்ளிக் கொடுத்தார் என்ற பெயரும் பிற்பாடு சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் அவர் தெருவில் நடந்தால் நெஞ்சு முன்னால் போகும். வயிறு அதற்கும் முன்னால் போகும்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஹெலிகாப்டர். ஜூஹூ பக்கமிருந்து தலைக்கு மேலே ஒன்று கடகடத்துப் போனால், பொட்டலத்தைப் பாதி மடித்தபடியே ரோட்டுக்கு வந்துவிடுவார். அது மறைகிற வரைக்கும் வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான். "அண்ணாச்சி, அது உங்கள ஏத்திக்கிட்டுப் போவ வரல, பருப்பக் கட்டுங்க" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வந்து பருப்பைக் கட்டுவார். ஏன் இந்த ஆசை என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. ஆசைக்கு என்ன காரணமா வேண்டும்?

மகள் ஜான்சி அந்தேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளுக்குச் சட்டைத்துணி எடுப்பதை விட்டுவிட்டு, பன்வேலைத் தாண்டி ஒரு தனியார் விமானத் திடலில் நடக்கும் பயிற்சிப் பள்ளியில் அவருக்காக ஒரு வகுப்பு பதிவு செய்துவிட்டாள். புதியவர்களுக்கான முதல் பாடம். பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் இருப்பார், கொஞ்ச நேரம் நாமே ஓட்டிப் பார்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, ஓட்ட வருகிறவர் நூறு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது.

எடை பார்க்க அவர் எங்கே போவார்? கடையில் பெரிய காட்டா இருக்கிறது. பம்பாயில் தராசுக்குக் காட்டா என்றுதான் பெயர். மூட்டையை அப்படியே ஏற்றி வைத்து நிறுக்கிற இரும்புப் பலகை. அரிசி மூட்டையை இறக்கிவிட்டு அவர் ஏறி நின்றார். நூற்றுநாலு என்று சிவப்பு எழுத்தில் எரிந்தது.

"கூட இருக்கே பிள்ளை" என்றார் மகளிடம்.

"மூணு மாசம் டைம் இருக்குப்பா. டென்ஷன் எடுக்காதீங்க. ராத்திரி தோசைய நிப்பாட்டுனா தன்னால இறங்கும்."

தோசை நின்றது. சோறு பாதியானது. மூணு மாதமும் விடிகாலையில் மாதுங்காவுக்கு நடந்துபோய் ஃபைவ் கார்டன் பூங்காவைச் சுற்றி வந்தார். அங்கே நடக்கிற ஆபீஸ் மாமாக்கள் எல்லாம் மெலிந்த ஆட்கள், எதற்கு நடக்கிறார்கள் என்பது அவருக்குப் புரியவே இல்லை. எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதுக்குக் காய்கிறது? வாரத்துக்கு ஒருமுறை காட்டாவில் ஏறி நிற்பார். கிலோ கிலோவாக அல்ல, கால் கிலோ கால் கிலோவாக இறங்கியது. பசியில் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

இதில் விசித்திரம் என்னவென்றால், அவர் மனைவி சங்கரேஸ்வரிக்கு இந்தப் பட்டினி முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. "போதுங்க, ஒங்க ஒடம்பு சரியாத்தான் இருக்கு. அங்கன போயி எட பாத்துக்கிடலாம்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

"ஏளா, நம்ம காட்டாவ விடவா அவன் காட்டா?" என்று அவர் மடக்கினார். அதற்குமேல் அவள் வாய் திறக்கவில்லை. ராத்திரி அவர் ஒரு கிண்ணம் கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவளும் சரியாகச் சாப்பிடாமல் எழுந்துவிடுவாள். நம் மேல் எவ்வளவு பாசம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடைசியில் காட்டா தொண்ணூற்றொன்பதே முக்கால் காட்டியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சுனாபட்டி ஸ்டேஷனில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்தார்கள். மான்குர்த் தாண்டி ரயில் கழிமுகப் பாலத்தில் ஏறியபோது சிவகுருநாதன் எழுந்து கதவோரமாகப் போய் நின்றுகொண்டார், இப்போதே பறக்கத் தொடங்கிவிட்டவர் மாதிரி. சங்கரேஸ்வரி மடியில் பையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பைக்குள் ஒரு எலுமிச்சம்பழம். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கடியில் வைத்து நசுக்குவதில்லையா, அதற்காக எடுத்து வந்திருந்தாள்.

திடலில் போய்ப் பார்த்தால் அந்த வண்டிக்குச் சக்கரமே இல்லை. இரண்டு நீளமான குழாய்களின் மேல், கண்ணாடி மூக்கோடு உட்கார்ந்திருந்தது. எலுமிச்சம்பழம் பையிலேயே இருந்துவிட்டது.

பயிற்சியாளர் ஆண்பிள்ளையாக இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். வந்தது முப்பது வயதுப் பெண். கேப்டன் ஆஸியா என்று கை கொடுத்தாள். இவர்கள் பேசுவதைக் கேட்டதும், "நீங்க தமிழா? நான் செம்பூர்தான் அங்கிள். வாப்பாவுக்கு ஊர் காயல்பட்டணம்" என்று சிரித்தாள். சிவகுருநாதனுக்குப் பாதி பயம் அங்கேயே போயிற்று.

"மொதல்ல வெயிட். ஷூவோட ஏறுங்க, பர்வா இல்ல."

அலுவலக அறை மூலையில் ஒரு சிறிய இரும்புப் பலகை கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அது தொண்ணூற்றாறு என்றது.

அவர் இறங்கிவிட்டு மறுபடி ஏறினார். தொண்ணூற்றாறு.

"ரொம்ப நல்லது. லிமிட்டுக்கு நெறைய கீழ இருக்கீங்க" என்றாள் ஆஸியா.

"இல்ல மேடம், இது தப்பு. ஷூ இல்லாமயே நான் கிட்டத்தட்ட நூறு. எங்க கடைக் காட்டால நேத்து ராத்திரிதான் நிறுத்தேன். ஒங்க மிசின்ல ஏதோ கோளாறு."

ஆஸியா கோபித்துக்கொள்ளவில்லை. "அங்கிள், இது தப்பா காட்டினா நாம ரெண்டு பேரும் கீழ விழுவோம். போன வாரம்தான் செக் பண்ணது. ஜான்சி, நீங்க ஏறிக் காட்டுங்களேன்."

ஜான்சி ஏறினாள். ஜிம்மில் பார்த்த எடையேதான், கடுகளவும் வித்தியாசமில்லை என்றாள். "நம்ம காட்டாதான்ப்பா தப்பா காட்டுது. கூடக் காட்டுது."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்தபிறகு அவளுக்கும் சிரிப்பு நின்றுபோயிற்று. கடைக்காரன் தராசு கூடக் காட்டினால் என்ன பொருள் என்று கடைக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நூறு என்று காட்டுகிற இடத்தில் தட்டில் இருப்பது தொண்ணூற்றாறு. வாங்கிப் போகிறவனுக்கு நூற்றுக்கு நாலு கிலோ குறைகிறது.

சிவகுருநாதன் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீ ஏறு, பாப்போம்."

"நான் எதுக்குங்க? நானா பறக்கப் போறேன்?" என்றாள் சங்கரேஸ்வரி. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தாள். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி என்பார்கள். முகம் அப்படி இருந்தது. அவளோடு அவர் இருபத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தியவர். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அந்த இடத்தில் சண்டை போட முடியாது. காசு கட்டியாகிவிட்டது, இயந்திரம் காத்திருக்கிறது. ஆஸியாவின் பின்னால் போனார்.

உள்ளே இரண்டே இருக்கை. காதுக்கு மூடி போட்டுவிட்டாள், பெல்ட்டை இழுத்து மாட்டினாள். காலுக்கு இரண்டு பெடல், அது மூக்கைத் திருப்ப. இடது கைப்பக்கம் கார் ஹேண்ட்பிரேக் போல ஒரு கம்பி, தூக்கினால் மேலே போகும். நடுவில் ஒரு கைப்பிடி, அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வண்டி போகும். "யூ ஹேவ் கண்ட்ரோல்னு நான் சொன்னா நீங்க பிடிக்கணும். ஐ ஹேவ் கண்ட்ரோல்னு சொன்னா உடனே விட்டுடணும். இதுல ஆர்கியுமெண்ட் கிடையாது அங்கிள்." அவர் தலையாட்டினார். பாதிதான் காதில் விழுந்தது.

மேலே விசிறி சுழலச் சுழல இருக்கை, தொடை, பல் எல்லாம் அதிர்ந்தன. பிறகு தரை தானாகக் கீழே போயிற்று. கண்ணாடி மூக்கு என்பதால் பாதத்துக்கடியிலேயே புல் தெரிந்தது, பிறகு கூரைகள், பிறகு ஒரு ஆறு. ஜான்சியும் சங்கரேஸ்வரியும் தள்ளித் தள்ளி நின்ற இரண்டு புள்ளிகளானார்கள். மழை நின்று கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, மலைகளில் பச்சை இன்னும் மாறவில்லை.

ஆஸியா கைப்பிடியை மட்டும் கொடுத்தாள். அவர் பிடித்தார். லேசாகச் சாய்த்ததும் மலை மொத்தமும் ஒருபக்கமாக நகர்ந்து வழிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்? முப்பது வருஷம் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்த மனிதர். இப்போது கீழே யாராவது பொட்டலத்தோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தார். அந்த நினைப்பிலேயே கடை வந்துவிட்டது, கடையோடு காட்டாவும் வந்துவிட்டது.

யார் யார் அந்தக் காட்டாவில் வாங்குகிறார்கள்? கால் கிலோ அரைக் கிலோக்காரர்களுக்கு மேஜை மேல் சின்னத் தராசு இருக்கிறது. பெரிய காட்டா மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு. அதாவது, விடிகாலையில் இட்லி அவித்து அடுக்குப் பாத்திரத்தில் விற்கக் கொடுத்துவிடுகிறவர்களுக்கு. பின்சந்துப் பார்வதியம்மாள் மாதிரி ஆட்களுக்கு. வாரம் தவறாமல் இருபத்தைந்து கிலோ புழுங்கலரிசி வாங்குகிறவள். ஒரு நாள்கூடக் காட்டா காட்டுகிற எண்ணை எட்டிப் பார்த்தவள் இல்லை. "ஒங்க கடையில நான் என்னத்தப் பாக்க" என்பாள்.

திடலுக்குத் திரும்பி வந்து, ஆள் உயரத்துக்கு இறக்கி, அந்தரத்தில் நிறுத்தினாள் ஆஸியா. "இதுதான் கஷ்டமான பாடம். ஒரே இடத்துல நிக்கணும். எல்லாரும் இதுல ஆடிப் போவாங்க. இறுக்கிப் பிடிக்காதீங்க, விரல் பட்டாப் போதும். யூ ஹேவ் கண்ட்ரோல்."

முதல் தடவை அவர் இறுக்கிப் பிடித்தார். வண்டி வலது பக்கம் ஓடியது. இடது பக்கம் இழுத்தார், அது இருமடங்கு வேகத்தில் இடது பக்கம் ஓடியது. ஆஸியா வாங்கிக்கொண்டாள். இரண்டாவது தடவை முன்னும் பின்னும் ஊசலாடியது. மறுபடி வாங்கிக்கொண்டாள். மூன்றாவது தடவை கொடுத்தபோது அவர் திடலின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சங்கரேஸ்வரி, விசிறிக் காற்றில் பறக்கிற முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது செய்தாள், ஏன் செய்தாள், எத்தனை பேர் வயிற்றில் அடித்தோம் என்று அவர் மனம் அங்கேயே நின்றுவிட்டது. கை இருப்பதையே மறந்துவிட்டார். வண்டி அந்தரத்தில் அப்படியே நின்றது. ஆடவில்லை, நகரவில்லை.

"அங்கிள்! வாவ்! நான் தொடவே இல்ல பாருங்க!" ஆஸியா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "மொதல் நாள்ல யாரும் இவ்ளோ நேரம் நிறுத்தினதில்ல."

அவர் கைப்பிடியைப் பார்த்தார். பார்த்ததும் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது.

இறங்கியதும் கை குலுக்கி, ஒரு அட்டையில் அவர் பெயரை எழுதி, வண்டியின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். படத்தில் அவர் சிரிக்கவில்லை. பயந்துவிட்டார் என்று பார்க்கிறவர்கள் நினைத்தால் நினைக்கட்டும்.

பன்வேல் ஸ்டேஷனில் ஜான்சி தண்ணீர் வாங்கப் போன சமயத்தில் சங்கரேஸ்வரியே பேசினாள்.

"காட்டா ரிப்பேர்க்காரன்கிட்ட நான்தான் சொன்னேன். சர்க்கார் ஆளு எட சரி பாத்து முத்திரை வைக்க வர்ற அன்னிக்கு மட்டும் சரி பண்ணிக் குடுத்துட்டு, மறுநாள் ஏத்தி வச்சிட்டுப் போவான்."

"எப்பலேர்ந்து?"

"லாக்டவுன் முடிஞ்சதுலேர்ந்து. நீங்க பாட்டுக்கு மூட்ட மூட்டையா அள்ளிக் குடுத்தீய. ஊரெல்லாம் ஒங்களக் கும்பிட்டுது. மறுபடி சரக்கு எறக்க எதுவுமில்லாம கழுத்துல கெடந்தத நான் கழட்டிக் குடுத்தேன். அந்தக் கொற எங்கிருந்துங்க நெறையும்?"

"என்கிட்ட சொல்லிருக்கலாமுல்லா?"

"சொன்னா விட்டுருப்பீயளா?"

விட்டிருக்க மாட்டார்தான். அவருக்குக் கோபம் வந்தது. அதைவிட, அவள் கழுத்தைப் பார்க்காமல் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம் என்கிற அவமானம் வந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு ரயிலேறினார்.

மறுநாள் வேறு ஆளை அழைத்துவந்து காட்டாவைச் சரிசெய்தார். சங்கரேஸ்வரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "இனிமே சரியா நிறுங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா யார்கிட்டயும் வாயத் தொறக்காதீய. தெரிஞ்சுதுன்னா கட நிக்காது." அவர் யோசித்தார். யோசித்துவிட்டு, சரி என்றார். கடைக்கு என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்த வாரம் கடையில் ஹெலிகாப்டர் பேச்சுத்தான். படத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்கள். "எங்க அண்ணாச்சி அந்தரத்துலயே வண்டிய நிறுத்துனாராம்லா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அவர் பேச்சை மாற்றுவார். மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் என்று அதற்கும் ஒரு பாராட்டு வந்தது. தண்டனை வராததைக்கூடத் தாங்கிக்கொண்டவருக்கு, பாராட்டு வருவதுதான் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடையில் நல்ல கூட்டம். பார்வதியம்மாள் ஒரு துணிப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். வந்து பையை மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க கடையிலயும் தப்பு வரும்னு இன்னிக்குத்தான் பாத்தேன்" என்று சிரித்தாள். "நேத்து வாங்குன அரிசிய டிரம்முல கொட்டுனேன். எப்பவும் கழுத்துக்கு ஒரு விரக்கட கீழ நிக்கும். நேத்து தலதட்டிருச்சு. பறந்துட்டு வந்த நெனப்புல கூடப் போட்டுட்டீய போல. இந்தாங்க, கூட இருந்தத எடுத்துக்கிடுங்க. அடுத்தவக அரிசி எனக்கு வேண்டாம்."

கூட்டத்தில் யாரோ, "பாத்துக்கோ, கடக்காரரும் அப்படி, வாங்குறவுகளும் அப்படி" என்றார்கள். உள்ளே மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சங்கரேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் கண் சொல்லியது. பையை வாங்கி உள்ளே வைத்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

சிவகுருநாதன் பையைத் தொட்டார். தூக்க முடியவில்லை.

"அது ஒங்க அரிசிதாம்மா" என்றார். "நேத்துதான் சரியா நிறுத்தேன். இவ்வளவு நாளும் கொறச்சுப் போட்டிருக்கேன். காட்டா தப்பு. லாக்டவுன் முடிஞ்சதுலேர்ந்தே தப்பு."

மனைவி பெயரை அவர் எடுக்கவில்லை. பார்வதியம்மாள் உடனே கோபப்படவில்லை. விரலை மடித்து எதையோ கூட்டிப் பார்த்தாள்.

"அப்ப நீங்க குடுத்த அரிசி..." என்றாள். "எம்மவனுக்கு வேல போயி கெடந்தப்ப, நீங்க குடுத்த அரிசியிலதான் எங்க வீட்டுல ஒல வச்சோம். அன்னியிலேர்ந்து சாமி கும்பிடயில ஒங்க பேரச் சொல்லித்தான் கும்பிடுதேன். அப்ப அது நீங்க குடுத்தது இல்லையா? நாங்கதான் திருப்பிக் குடுத்துட்டோமா?"

இத்தனை நேரமும் கடையின் பெயர் போய்விடுமே என்றுதான் பயந்துகொண்டிருந்தார். கடை அல்ல, வாழ்க்கையில் அவர் செய்த ஒரே நல்ல காரியம் அந்த மேஜைமேல் கிடந்தது. அதைக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள இனிமேல் அவருக்கு உரிமை இல்லை.

பார்வதியம்மாள் பையை எடுத்து மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அப்பச் சரி அண்ணாச்சி. கணக்குத் தீந்துது" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போனாள்.

சிவகுருநாதனுக்குக் கண் கலங்கியது. கூட்டத்துக்கு முன்னால் துடைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது. இரண்டு மூன்று பேர் எதுவும் வாங்காமல் நகர்ந்தார்கள். மீதிப் பேர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அடுத்து யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சங்கரேஸ்வரி உள்ளேயிருந்து எழுந்து வந்து, அவர் பக்கத்தில் நின்றுகொண்டு அதை அவளே கேட்டாள்.